சுற்றிப்போன வலது கால்

எங்கள் கம்பெனியில் இப்போது டிஸ்பேட்ச் பார்க்கும் ஷாலினி போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணே, சும்மா ஒரு டவுட்டு. சென்னைலேர்ந்து ஃப்ராங்க்ஃபர்ட் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்?"

"கையிலதான் போன் வெச்சிருக்கியே, அதுல பாக்கிறதுதானே."

"பாத்தேன். ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் கிட்ட, நேரா போனா பத்து மணி நேரம்னு காட்டுது. இங்க பழைய ஆளுங்க எல்லாம், 'ஏகாம்பரத்தக் கேளு, அவருக்கு மட்டும் வேற கணக்கு'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. இன்னாண்ணே அது?"

சிரிக்கிறவர்கள் பாதிக் கதை தெரிந்தவர்கள். முழுவதையும் எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதுதான் இது.

எனக்கு ஊர் ராணிப்பேட்டை ஜில்லாவில் கலவைக்குப் பக்கம். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். வாத்தியார் அடித்தார், வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் காரணம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. அரக்கோணத்தில் எந்த ரயிலில் இறங்கி எந்த ரயிலில் ஏறினால் எங்கே போகலாம் என்று கற்றுக்கொண்டதுதான் என் மேற்படிப்பு. லாரி கிளீனராக இருந்தேன். பம்பாயில் ஹோட்டலில் தட்டு கழுவினேன். கான்பூரில் தோல் மூட்டை தூக்கினேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ரசாயன டிரம் வேலையில் நின்றபோது இரண்டு கையிலும் தோல் உரிந்தது. ஆறியதும் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனேன். சாப்பிடாத நாட்கள் இருந்தன. அதை எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. அந்த வருடங்களில் எனக்கு மிஞ்சியது ஒரு பாஸ்போர்ட், கொஞ்சம் இந்தி, எங்கே இறக்கிவிட்டாலும் பயப்படாத மனசு.

திரும்பி வந்து செல்வியைக் கட்டிக்கொண்டேன். அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். அவள் சொல்லித்தான் அதே கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் ஓடிப்போவேன் என்று அவள் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அங்கேயே ரிடையர் ஆனேன். அதற்குக் காரணம், அந்த வேலையிலும் ஓடுவதற்கு இடம் இருந்தது. வேலைக்காரர்களில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன். ஒரு வருடம் ஜெர்மனியில் நடந்த ஷூ கண்காட்சிக்குப் பெட்டி தூக்க என்னை அனுப்பினார்கள். ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தேன். அதிலிருந்து அவசரமான சாம்பிள் என்றால் ஆளோடு அனுப்புவது, அந்த ஆள் நான் என்று ஆகிவிட்டது.

என் மேலதிகாரி டேனியல் சார், ஷிப்பிங் மேனேஜர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு ஷூவை எடுப்பார். மோதிர விரலின் பின்பக்கத்தால் அதன் மூக்கை, அதாவது முன்முனையை, தொடுவார். விரலின் உள்பக்கம் நாளெல்லாம் எதையாவது தொட்டு மரத்துப்போயிருக்கும், அதை நம்பக்கூடாது என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். சரியாக இருந்தால் ஷூவை மூக்கு இடது பக்கம் பார்க்கும்படி பெட்டியில் திரும்ப வைப்பார். சரியில்லை என்றால் பெட்டிக்குள் வைக்க மாட்டார். மேசைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விடுவார். அவர் கைகழுவ எழுந்தாலே பேக்கிங்கில் பேச்சு நின்றுவிடும்.

அவருக்கு இன்னொரு வழக்கம். "தூரம் எவ்ளோப்பா?" என்று கேட்பார். புதிதாக வந்தவர்கள் விமானத்தின் தூரத்தைச் சொல்வார்கள். "அது பிளேனோட தூரம். நம்ம தூரம் நம்ம கேட்டுலேர்ந்து பையர் டேபிள் வரைக்கும்," என்பார். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரரைத்தான் எங்கள் பக்கம் பையர் என்போம்.

சாம்பிள் என்றால் எங்கள் தொழிலில் ஜோடி கிடையாது. வலது கால் மட்டும்தான் செய்வோம். ஒற்றைக் காலை யாரும் திருட மாட்டான். விற்கவும் முடியாது என்பதால் கஸ்டம்ஸ்காரரும் கண்டுகொள்ள மாட்டார். பையர் வலது காலைப் பார்த்து ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் இங்கே இடது கால் பிறக்கும்.

இனி, எனக்கு அந்த வேறு கணக்கு வந்த வருடத்துக்கு வருகிறேன்.

கம்பெனியில் மூன்றாம் தையல் லைனுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. பழைய பையர் ஒருவர் விலகிவிட்டார். புதிதாக ஒரு ஜெர்மன்காரர் கிடைத்தால் லைன் ஓடும், இல்லாவிட்டால் பொங்கலுக்குப் பிறகு மூடுவது என்று பேச்சு. சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள்தான் அந்த லைனில் பாதிப் பேர். செல்வியும் அதில்தான் இருந்தாள்.

அந்த ஜெர்மன்காரருக்கு முதல் சாம்பிளைக் கூரியரில் விமானத்தில் அனுப்பினோம். பெட்டியைத் திறந்தவர் போட்டோ எடுத்து அனுப்பினார். சுற்றியிருந்த டிஷ்யூ பேப்பர் ஷூவோடு ஒட்டிக்கொண்டு, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி தொங்கியது. ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் அறையில் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

இதில் யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. எங்கள் ஊர் பழக்கம் செய்த வேலை அது. காலம் காலமாக எங்கள் சரக்கு கப்பலில்தான் போகும். மெருகுப்பூச்சு முக்கால் காய்ந்தால் போதும், டிஷ்யூவைத் தளர்வாகச் சுற்றிப் பெட்டியில் போடுவார்கள். மீதி கால்பங்கு கடலில் காயும், வாடையும் போய்விடும். "போற வழியில காஞ்சுக்கும்" என்பது மெருகு போடும் ஃபினிஷிங் பிரிவின் மாஸ்டர் முனுசாமியின் வாயில் நாள் முழுக்க இருக்கும் வாக்கியம். கப்பலுக்கு அது உண்மை. விமானத்தில் போற வழி என்று ஒன்று இல்லை. ஏறினால் இறங்கிவிடுகிறது.

டேனியல் சார் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கைகழுவினார்.

ஜெர்மன்காரர் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அவர் அமெரிக்கா கிளம்புகிறார். கிளம்புகிற நாளில் ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் இருப்பார். அங்கே சாம்பிள் வந்தால் பார்ப்பார். திரும்பி வந்து பார்க்கிற பேச்சு இல்லை.

அது கார்த்திகை மழை. பாலாற்றிலேயே தண்ணீர் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஈரத்தில் தோல் இழுத்து ஒட்டுவதே கஷ்டம். பன்னிரண்டு வலது கால்கள் கடைசிப் பூச்சு முடிந்து வந்தபோது கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. சாருடைய ஏசி அறையில் ஷூக்களை அடுக்கினோம். மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஜன்னல் கண்ணாடி வியர்த்ததே தவிர, ஷூ காயவில்லை. நடுராத்திரிக்கு மேல் கிளம்பும் நேர் விமானத்தில் எனக்கு டிக்கெட் போட்டிருந்தது. காலையில் இறங்கினால் வாசலிலேயே பையரின் ஆள் நின்று பெட்டியை வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு காயவைக்க என் கையில் ஒன்றும் இருக்காது.

முனுசாமி மாஸ்டர் ஒரு ஷூவைத் தூக்கிப் பார்த்தார். "போற வழியில..." என்று ஆரம்பித்து, சாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் நிலைமையை லேசாக்க ஏதோ பேசினேன். "இந்த ஊர்ல நம்ம சட்டையே மூணு நாளா காயல சார். போன தபா ஜெர்மனி போறப்ப துபாய் ஏர்போர்ட்ல பிளேன் மாறினேனே, அங்க டீ கொட்டிடுச்சின்னு பாத்ரூம்ல சட்டைய அலசி நாற்காலில போட்டேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. என் உதடே வெடிச்சிப்போச்சு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"உதடு வெடிச்சிச்சா?"

"ஆமா சார். ரத்தம் வந்துச்சு."

"ஹால்ல எடம் இருக்குமா? பகல்ல?"

"ஏகப்பட்ட நாற்காலி சார்."

"தொரத்த மாட்டாங்களா?"

"தொரத்துனா வேற மூலைக்குப் போறேன். எனக்கு அது பழக்கந்தானே."

வேலூரில் எங்களுக்கு டிக்கெட் போடும் ஏஜென்ட்டுக்கு சார் அப்போதே போன் போட்டார். "நேரா போறது கேன்சல் பண்ணுங்க. துபாய்ல நின்னு போறது குடுங்க. நல்லா நிக்கணும்."

அந்தப் பக்கம் ஏஜென்ட் கேட்டது எங்களுக்கே கேட்டது. "சார், எல்லாரும் வெயிட்டிங் கம்மியா கேப்பாங்க. நீங்க ஜாஸ்தி கேக்கறீங்க?"

"ஜாஸ்திதான். ஆனா அன்னிக்கே சாயங்காலம் ஃப்ராங்க்ஃபர்ட்ல எறங்கணும்."

பையருக்கும் எழுதினார். அவரிடமிருந்து ஒரே வரி வந்தது. இரவு எட்டு மணிவரை ஹோட்டலில் இருப்பேன், பிறகு கிளம்பிவிடுவேன். எங்கேயாவது விமானம் தாமதமானால் மூன்றாம் லைன் போச்சு. டிக்கெட்டை மாற்றச் சொன்னவர் என்ற முறையில் அந்தப் பழி டேனியல் சார் தலையில் விழும். அவர் என் பையில் ஒரு கட்டு புது டிஷ்யூ பேப்பரை வைத்தார். "தாள வெச்சி அமுக்கி எடு. தாள்ல பளபளப்பு வந்தா இன்னும் காயலன்னு அர்த்தம். வெறுந்தாளா வந்தா சுத்திடு," என்றார்.

வீட்டில் சாப்பாடு போடும்போது செல்வி கேட்டாள். "இன்னா மாமா, எல்லாரும் சீக்கிரம் போய்ச் சேரப் பாப்பாங்க. நீ வழியில நின்னு ஊர் சுத்திப் பாக்கப் போறியாமே?"

"காய வெக்கப் போறேன்."

"நீ காயாம வந்தா சரி. எங்க லைன்ல எல்லாரும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கேத்தறாங்க. எனக்குச் சிரிப்பு வருது. ஊட்ல ஒரு துணி காயப்போடாத ஆளு."

வாலாஜா தாண்டி ஒரே மழை. மீனம்பாக்கம் ஏர்போர்ட் போய்ச் சேர்வதற்குள் டிரைவருக்குக் கண் போய்விட்டது. விடிகாலை விமானம். இரண்டு கைப்பைகளில் ஆறாறு ஷூ. சரக்கோடு போடாமல் என் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டேன்.

துபாயில் இறங்கியபோது நல்ல வெயில். கண்ணாடிச் சுவர் வழியாக ஹால் முழுக்க வெளிச்சம். கூட்டம் இல்லாத ஒரு வரிசை நாற்காலிகளைப் பிடித்தேன். டிஷ்யூவை எல்லாம் கழற்றிவிட்டு, நாற்காலிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஷூவையும் உட்காரவைத்தேன். கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம், ஒரு இளம்பழுப்பு. எல்லாம் வலது கால்.

தரை துடைத்துக்கொண்டு வந்த ஒரு மலையாளி நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சேட்டா, ஆளுகள் எங்கே போயி?"

"ஆளுங்க இல்ல. ஷூ மட்டும்தான் டிராவல் பண்ணுது."

"அப்போ மற்றே காலு?"

"அது இன்னும் பொறக்கல."

அவர் சிரித்துக்கொண்டே துடைப்பானை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார். போனவர் தூரத்தில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும், இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குடும்பம் விலை கேட்டது. பிறகு செக்யூரிட்டி வந்தார். பாகிஸ்தான்காரர், பெரிய மீசை. இந்தியில்தான் பேசினோம். இங்கே கடை போடக்கூடாது என்றார். கடை இல்லை, ஈரம் காயவைக்கிறேன் என்றேன். அவர் ஒவ்வொரு ஷூவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி ஷூவரை போய்த் திரும்பி வந்தார்.

"எல்லாம் வலது கால்."

"ஆமாம்."

"இடது காலை எல்லாம் யாரிடம் விற்றாய்?"

நான் கதையைச் சொன்னேன். எங்கள் ஊர், மழை, ஒட்டிப்போன டிஷ்யூ, என் மனைவி வேலை செய்யும் லைன். அவர் அப்பா லாகூரில் செருப்புக் கடை வைத்திருந்தவராம். ஒரு ஷூவை எடுத்து முகர்ந்து பார்த்தார். "வாடை இருக்கிறது," என்று தீர்ப்பு மாதிரி சொன்னார். "நீ இவற்றை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தூங்கவும் கூடாது. கேட்பாரற்றுக் கிடந்தால் நான் எடுத்துப்போக வேண்டிவரும்." அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

அவற்றை விட்டு நகரவில்லை. சாப்பிடவும் போகவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அவ்வப்போது டிஷ்யூவைக் கிழித்து ஒவ்வொன்றின் மூக்கிலும் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தேன். முதலில் எல்லாவற்றிலும் பளபளப்பு வந்தது. வெயில் கண்ணாடியில் நகர நகர ஷூக்களுக்கு நாற்காலி மாற்றினேன், சூடு நேராகப் பட்டால் பூச்சு வெடிக்கும். என் உதடு வெடித்தபோது சந்தோஷமாக இருந்தது. கறுப்பு முதலில் வெறுந்தாளைக் கொடுத்தது. பிறகு காப்பிக்கொட்டை. செக்யூரிட்டிக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் வந்து, "எத்தனை பாஸ்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஏறச் சொல்லிக் கூப்பிட்டபோது பதினொன்று பாஸ். இளம்பழுப்பு மட்டும் லேசாக ஒட்டியது. அதில்தான் பூச்சு இரண்டு கை அதிகம். பையர் முக்கியமாகக் கேட்டிருந்ததும் அதைத்தான்.

பதினொன்றைச் சுற்றிப் பையில் வைத்தேன். பன்னிரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

சீட்டுக்கு மேலே காற்று வரும் சின்ன உருண்டை இருக்கும் அல்லவா, அதை முழுசாகத் திறந்துவிட்டு, ஷூவை அதற்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு வயதான ஜெர்மன் அம்மாள். முதலில் தள்ளி உட்கார்ந்தார். சாப்பாடு வந்தபோது நான் ஒரு கையால் சாப்பிடுவதைப் பார்த்தார். ஷூவைக் காட்டி, ஊதிக் காட்டி, விரல் ஒட்டுவதைக் காட்டிப் புரியவைத்தேன். அந்த அம்மாள் எழுந்து தன் தலைக்கு மேலிருந்த உருண்டையையும் எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு கையை நீட்டினார். கொடுத்தேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் ஷூவைத் தூக்கிப் பிடித்திருந்தார். பணிப்பெண் வந்து ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் சொன்ன பதிலில் அவள் திரும்பிப் போய்விட்டாள். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

இறங்குவதற்கு முன் கடைசித் துண்டு டிஷ்யூவை வைத்து அமுக்கினேன். வெறுந்தாள். அந்த அம்மாளிடம் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆனால் இறங்குவதற்கு ஓடுபாதை கிடைக்காமல் விமானம் வானத்திலேயே சுற்றியது. தூரம் முடிந்துவிட்டது, நேரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்குத் திருப்பி வைத்து, எட்டு மணிக்கு இன்னும் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கி, வரிசையில் நின்று, வெளியே வந்தேன். கஸ்டம்ஸ்காரர் ஒரு பையைத் திறந்து வலது, வலது, வலது என்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஹோட்டலுக்கு ஓடினேன். அந்தக் குளிரில் எனக்கு வியர்த்திருந்தது.

பையர் வரவேற்பறையில் கோட்டு போட்டுக்கொண்டு, பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உட்காரவில்லை. நின்றபடியே இளம்பழுப்பை வாங்கினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு விரலின் பின்பக்கத்தால் ஷூவின் மூக்கைத் தொட்டார், எங்கள் டேனியல் சாரைப் போலவே. அந்த ஒரு தொடுதலில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நேர் விமானம் காலையிலேயே வந்துவிட்டதே. நீ ஏன் சுற்றி வந்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு இருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "ஷார்ட் வே, சார், நோ டைம் ஃபார் ஷூ."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார். கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து மீதி பதினொன்றையும் பார்த்தார். பேனாவை எடுத்து இளம்பழுப்பின் அடிப்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட சாம்பிள் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் சரக்கு செய்வோம். டேனியல் சாருக்குப் போன் போட்டேன். "கையெழுத்து ஆச்சு சார்," என்றேன். "உதடு எப்பிடி இருக்குது?" என்றார்.

திரும்பும்போது நேர் விமானம். பத்து மணி நேரமும் தூங்கினேன்.

கேட்டில் டேனியல் சார் நின்றிருந்தார். ஷூவை வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மேசைக்கு எடுத்துப்போய், மூக்கு இடது பக்கம் பார்க்கும்படி வைத்தார். கைகழுவப் போகவில்லை. டீ சொன்னார், ஃபினிஷிங்குக்கும் சேர்த்து. முனுசாமி மாஸ்டர் டீயைக் குடித்துக்கொண்டே, "அப்ப போற வழியிலதான் காஞ்சிருக்குது. நான் சொன்னது இன்னா தப்பு?" என்றார். ஃபினிஷிங்கே சிரித்தது. அடுத்த மாதமே விமானச் சரக்குக்கென்று தனியாக ஒரு காயவைக்கும் அறை கட்டினார்கள். அதற்குச் சாவி வைத்திருந்தவரும் முனுசாமி மாஸ்டர்தான். கதவில் ஊழியர்கள் "துபாய்" என்று சாக்பீஸில் எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த அறைக்கு அதுதான் பெயர். ஷாலினி, நீ தினமும் கையெழுத்துப் போடும் "துபாய் ரூம்" அதுதான். பழைய ஆட்கள் சிரிக்கிற என் கணக்கு, காய்கிற நேரத்தையும் சேர்த்தது.

மூன்றாம் லைன் பொங்கலுக்குப் பிறகும் ஓடியது. இப்போதும் ஓடுகிறது. பஸ்ஸில் வரும் பெண்களில் சிலருக்கு மகளே அங்கே வேலைக்கு வந்துவிட்டாள்.

அந்த ஆர்டருக்கு முதல் இடது காலைத் தைத்தது செல்வி. வலது காலைப் பக்கத்தில் வைத்து, தையலுக்குத் தையல் ஒப்பிட்டுத் தைக்க வேண்டும், அது லைனில் கை சுத்தமானவர்களுக்குக் கொடுக்கும் வேலை. அந்த இடது காலும் கையெழுத்துப் போட்ட வலது காலும் சாம்பிள் அலமாரியில் ஒன்றாக இருந்தன. நான் ரிடையர் ஆன அன்றைக்கு அந்த ஜோடியைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். பூச்சு இன்னும் அப்படியே இருந்தது. சாம்பிள் அளவு என் காலுக்குக் கொஞ்சம் பெரிசு. முனையில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமையில் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வருவேன். போன வாரம் வந்து கழற்றும்போது செல்வி இரண்டையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள்.

"வலது ஜெர்மனி வரைக்கும் போய் வந்துச்சு. எடது ஆம்பூரத் தாண்டல. தேய்மானம் பாத்தியா மாமா, ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள்.

கையெழுத்து முக்கால்வாசி அழிந்துவிட்டது. நான் மறுபடி ஷூவைப் போட்டுக்கொண்டேன். தயிர் வாங்க மறந்துவிட்டேன், இன்னொரு தடவை கடைக்குப் போக வேண்டும்.